வயதான பூனையின் தோலில் கட்டி: காத்திருந்து பார்க்கலாமா?

உங்கள் 12 வயதுப் பூனையின் விலாப்பக்கத்தில் உருண்டையாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது, தொட்டால் வலிப்பதாகத் தெரியவில்லை, வழக்கம்போல் சாப்பிடுகிறது, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம். இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று நாளில் கிளம்பி, தொட்டால் சுட்டு, பூனை சீறினால் அது பெரும்பாலும் சண்டையில் பட்ட கடியால் வந்த சீழ்க்கட்டி. கீறிச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தால் ஆறிவிடும். சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் கட்டியைத்தான் என்னவென்று பார்க்க வேண்டும்.

எங்கள் பூனையின் பெயர் குட்டி. 13 வயதாகியும் குட்டிதான். ஒருநாள் சீப்பால் முடி வாரிக்கொண்டிருந்தபோது இடது தோளுக்கு மேலே சீப்பு எதிலோ இடறியது. முடியை விலக்கினால் கருநீலத்தில் ஒரு சின்ன உருண்டை. காட்டிய மருத்துவர் இரண்டு விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "கொழுப்பாக இருக்கும், வயதாகிவிட்டதல்லவா" என்றார். அதைக் கேட்கத்தானே போயிருந்தேன், நிம்மதியாகத் திரும்பிவிட்டேன். நாய்களுக்குச் சர்வசாதாரணமாக வரும் கொழுப்புக் கட்டி பூனைகளுக்கு அவ்வளவாக வருவதில்லை என்பதும், பூனைகளின் தோல் கட்டிகளில் கெட்டவற்றின் பங்கு நாய்களைவிட அதிகம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

மூன்று மாதம் கழித்துக் கட்டி பெரிதாகிவிட்டது என்றேன் நான். அப்படியேதான் இருக்கிறது என்றார் என் கணவர். இருவரும் அளந்து பார்த்ததில்லை, ஆனாலும் அரைமணி நேரம் வாதாடினோம். நாங்கள் காத்திருந்த லட்சணம் அது. நீங்கள் இன்றே ஒரு அளவுகோலை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, அளவுகோலும் தெரியும்படி ஒரு படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் "கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது" என்று சொல்வதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது, தோள்பட்டைப் பக்கம் கடைசியாக ஊசி எப்போது போட்டீர்கள் என்று. ஊசி போட்ட இடத்தில் பூனைகளுக்கு மிக அரிதாக ஒரு கொடிய புற்றுக்கட்டி வருவதுண்டாம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு 3-2-1: ஊசி போட்டு 3 மாதமாகியும் வீக்கம் போகவில்லை, 2 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது, அல்லது 1 மாதத்துக்குப் பிறகும் வளர்கிறது. மூன்றில் ஒன்று பொருந்தினாலும் ஒரு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அவசரப்பட்டு முழுவதையும் தோண்டி எடுத்துவிடக் கூடாது. அந்த வகை வேர்விட்டதுபோல் பரவியிருக்கும் என்பதால் முதல் அறுவையே அகலமாகத் திட்டமிட்டுச் செய்யப்பட வேண்டும். இதற்குப் பயந்து தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள், அது பெரிய முட்டாள்தனம். குட்டிக்கு அந்த இடத்தில் ஊசி எதுவும் போட்டிருக்கவில்லை.

அடுத்தது ஊசிச் சோதனை. பெயரைக் கேட்டு நான் பயந்த அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. தடுப்பூசிக்குப் பயன்படுவதைப் போன்ற மெல்லிய ஊசி. மயக்க மருந்து இல்லை. கட்டிக்குள் நாலைந்து முறை குத்தி எடுத்தார். பிறகு ஊசியைக் கழற்றி, சிரிஞ்சில் காற்றை இழுத்து, மறுபடி மாட்டி, கண்ணாடித் தகட்டின்மேல் பிஸ்டனை அழுத்தினார். பொடியாக ஒரு தூறல் விழுந்தது, அவ்வளவுதான். அதை இன்னொரு தகட்டால் இழுத்துத் தடவி, காயவைத்து, சாயத்தில் தோய்த்து நுண்ணோக்கியில் வைத்தார். குட்டி முழுநேரமும் என் முழங்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது.

முதல் தடவை வெறும் ரத்தம்தான் வந்தது. இப்படி ஆவதுண்டு, சில கட்டிகள் செல்களை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. "ஒன்றும் தெரியவில்லை" என்ற முடிவை "ஒன்றுமில்லை" என்று படித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். இரண்டாவது தகட்டில் அடித்தளச் செல்கள், அதாவது தோலின் அடியடுக்குச் செல்கள், கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. பூனைகளுக்கு அதிகம் வரும் தோல் கட்டிகளில் ஒன்று அது, பெரும்பாலும் சாதுவானது. நான் கண்டு நடுங்கிய கருநீலமும் அந்த வகைக்கு வழக்கமான நிறந்தானாம். ஆனால் வளர்கிறதே, சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடலாம் என்றார்.

இந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா என்ற பயம் எனக்கும் இருந்தது. அதற்குப் பதில் ரத்தப் பரிசோதனையில்தான் இருக்கிறது. வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குட்டிக்குச் சிறுநீரகக் கணக்கு லேசாக ஏறியிருந்தது. அதனால் நரம்பில் திரவம் ஏற்றி, மருந்தின் அளவை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். எடுத்த கட்டியைக் கட்டாயம் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். என்ன வகை, ஓரங்களில் மிச்சம் இருக்கிறதா என்பதை அந்த அறிக்கைதான் உறுதியாகச் சொல்லும். எங்களுக்கு நல்லபடியாகவே வந்தது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பிலிருந்து தப்பிக்கக் குட்டி இரண்டு நாள் வீடு முழுக்கப் பின்பக்கமாகவே நடந்தது தனிக்கதை.

மருத்துவரிடம் போகும்வரை கட்டியை அமுக்கவோ பிதுக்கவோ வேண்டாம். ஒவ்வாமையில் பங்குள்ள மாஸ்ட் செல்களிலிருந்து வரும் வகையாக இருந்தால், அமுக்கும்போது உள்ளிருக்கும் ஹிஸ்டமின் என்ற வீக்கம் உண்டாக்கும் வேதிப்பொருள் வெளியேறிச் சுற்றிலும் சிவந்து வீங்கும். பிறகு அதுவாகச் சுருங்குவதைப் பார்த்துக் கட்டி கரைகிறது என்று நாம் ஏமாறுவோம். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

கட்டி அடிவயிற்றில் முலைக்காம்பு வரிசையில் இருந்தால் இந்த வாரம் வரைகூடத் தள்ளாதீர்கள். பூனைகளின் மார்பகக் கட்டிகளில் பத்தில் எட்டுக்கு மேல் புற்றுதான். 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்தால் பிழைக்கும் காலம் கூடும். வெள்ளைப் பூனையின் காது நுனியிலோ மூக்கிலோ ஆறாத புண், பொருக்கு இருந்தாலும் அப்படித்தான். வெயிலால் வரும் தோல் புற்றின் தொடக்கம் பல சமயம் அந்தப் பொருக்குதான்.

ஒரு கட்டியைப் பார்த்தபின் கை சும்மா இருக்காது. போன மாதம் குட்டியின் வயிற்றில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, அளவுகோலோடு கணவரைக் கூப்பிட்டேன். அவர் முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தில் இன்னொன்றைக் காட்டினார். முலைக்காம்பு. பூனைகளுக்குப் பொதுவாக எட்டு இருக்குமாம், ஆணுக்கும்கூட.