சமர்கந்திலிருந்து ஷக்ரிசாப்ஸ்: முதிய அம்மாவோடு ஒரே நாளில் போய்வர

வணக்கம். அம்மாவுக்கு 70 வயது, மலைப்பாதையில் குமட்டும், கையில் ஒரு நாள்தான், உஸ்பெகிஸ்தானின் சமர்கந்திலிருந்து ஷக்ரிசாப்ஸ் ஊருக்குப் போய்வர ஷேர் டாக்ஸி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தனிக்காரே எடுங்கள். ஷேர் டாக்ஸி ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், நினைத்த இடத்தில் நிற்காது.

தூரம் 90 கி.மீ.க்குள்தான். ஆனால் தக்தகராச்சா கணவாயின் வளைவுகளால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். கணவாய் உச்சியில் உலர்பழமும் குருத்தும் விற்பார்கள். குருத்து என்பது உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை, கல் மாதிரி இருக்கும். கடிக்காமல் வாயில் ஒதுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். குளிர்காலம் என்றால் கிளம்புமுன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள், பனியில் மூடிவிடுவார்கள்.

வாடகை பேசும்போது 'போக, வர, அங்கே நான்கு மணி நேரம் காத்திருக்க' என மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாக, உஸ்பெக் நாணயமான சோம் கணக்கில், போனில் எண்ணாகத் தட்டிக் காட்டி ஒப்புக்கொள்ள வையுங்கள். தகராறு வருவதே காத்திருப்புக் காசில்தான்.

ஷக்ரிசாப்ஸில், வடக்கே உள்ள அக்-சராய் அரண்மனையில் இறங்குங்கள். 1380-இல் மன்னர் தைமூர் கட்டத் தொடங்கிய அதில் மிச்சம் வாயில் கோபுரங்கள்தான், இன்றும் 38 மீட்டர் உயரம். உட்பக்கச் சுவரின் நீல ஓடுகளை நெருங்கிப் பாருங்கள். அங்கிருந்து தெற்கே கோக் கும்பஸ் மசூதி வரை நிழலில்லாத பூங்கா. பழைய குடியிருப்புகளை இடித்துப் போட்டது அது. அதனால்தான் 2016-இல் யுனெஸ்கோ இவ்வூரை அபாயத்திலுள்ள உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. வெயிலில் அம்மாவைத் திரும்ப நடக்கவிடாதீர்கள், காரைத் தெற்கு முனைக்கு வரச் சொல்லிவிடுங்கள். இருட்டுமுன் கணவாயைத் தாண்டிவிடுங்கள்.