அந்தேரியில் இரண்டு பாலங்கள் ஏன் ஒட்டவில்லை?

மும்பை அந்தேரியில் புதிதாகக் கட்டிய கோகலே பாலம் பக்கத்து மேம்பாலத்தோடு சேராமல் போனது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

2018 ஜூலையில் பழைய பாலத்தின் நடைபாதை இடிந்து விழுந்தது. 2022 நவம்பரில் பாலத்தையே மூடிவிட்டு, இடித்துக் கட்டினார்கள். தண்டவாளத்துக்கு மேல் கூடுதல் உயரம் விட வேண்டும் என்பது ரயில்வே விதி. அதனால் புதுப் பாலம் உயர்ந்துவிட்டது. அதோடு இணைய வேண்டிய பர்ஃபிவாலா மேம்பாலம் பழைய மட்டத்திலேயே நின்றது. 2024 பிப்ரவரியில் ஒரு பக்கத்தைத் திறந்தபோது, இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு வித்தியாசம்! அப்புறம்தான் நிபுணர்களைக் கேட்டு, ஜாக்கி வைத்து மேம்பாலத்தைத் தூக்கி, ஜூலையில் இணைத்தார்கள்.

உயரம் மாறப்போவது வரைபடத்திலேயே தெரியும். தூக்கும் வேலையையும் அப்போதே திட்டத்தில் சேர்த்திருந்தால், ஜனங்கள் அத்தனை மாதம் சுற்றிப் போயிருக்க வேண்டாம்.