காப்பிப் பழத்தோல் கஷாயம்: நீங்கள் கேட்டவை

ஏற்காட்டில் எஸ்டேட் வேலை பார்த்துவிட்டு, இப்போது கொருக்குப்பேட்டையில் காப்பித்தூள் அரைத்து விற்கிறேன். கடையில் காப்பிப் பழத்தோல் பாக்கெட் வைத்ததிலிருந்து தூளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எல்லாம் இதைப் பற்றித்தான். எழுதிக் கொடுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

புது வண்ணாரப்பேட்டை: அண்ணே, முதல்ல இது என்ன? தோலா, உமியா?

காப்பிச் செடியில் காய்ப்பது சிவப்புப் பழம், உள்ளே இரண்டு கொட்டை. பழத்தைப் பல்பரில் (தோலுரிக்கும் இயந்திரம்) விட்டால் கொட்டை ஒரு பக்கம் போகும், தோலும் சதையும் இன்னொரு பக்கம் விழும். பழத்தின் எடையில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு இப்படி விழுவதுதான். பெரும்பாலும் எருக்குழிக்குப் போகும். அதை அன்றைக்கே மெலிதாகப் பரப்பி, கிளறிக் கிளறி உலர்த்தினால் இந்தப் பாக்கெட்டில் இருப்பது. வெளிநாட்டில் கஸ்காரா என்பார்கள். பழத்தை முழுசாகக் காயவைத்து மில்லில் உடைத்தால் வரும் ஓடு இன்னொரு வகை.

கடையில் கொட்டை வறுக்கும்போது பறக்கிற பொட்டு வேறு. அது கொட்டையில் ஒட்டியிருக்கும் சவ்வு, குடிக்க உதவாது. பூந்தொட்டிக்கு வேண்டுமென்றால் சும்மா வாங்கிப் போங்கள்.

மண்ணடி: எங்க மாமா ஜித்தாவுல இருந்தப்போ ஏமன்காரங்க கடையில 'கிஷ்ர்'னு ஒண்ணு குடிச்சாராம். இதுதானா அது? எப்படிப் போடறது பாய்?

கிட்டத்தட்ட அதேதான் பாய், அங்கே போடுவது முழுசாகக் காய்ந்த பழத்தின் ஓட்டில். ஏமனில் அந்தக் காலத்தில் மோக்கா துறைமுகம் வழியாகக் கொட்டை கப்பலேறிக் காசானது, ஓடு வீட்டு அடுப்புக்கு வந்தது. அங்கே பல வீடுகளில் காப்பியைவிடக் கிஷ்ர்தான் புழக்கம். பாபா புதான் அந்த மோக்காவிலிருந்து ஏழு விதை கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் போட்டார் என்பது நம் எஸ்டேட் பக்கத்தில் எல்லாரும் சொல்லும் கதை. விதை வந்தது, கிஷ்ர் வரவில்லை. இத்தனைக்கும் சுக்குக் காப்பி குடிக்கிற ஊர் நம்முடையது!

செய்முறை: இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு கைப்பிடித் தோல் (15 கிராம் போல), தட்டிய சுக்கு சுண்டுவிரல் நுனியளவு, ஒரு சின்னத் துண்டு பட்டை. தண்ணீர் கொதித்ததும் போட்டு, அடுப்பைச் சிம்மில் வைத்துப் பத்து நிமிஷம். முதலில் தோல் மிதக்கும். பிறகு ஒவ்வொன்றாக விரிந்து அடியில் இறங்கும், தண்ணீர் செம்மண் நிறத்துக்கு வரும். வாசனையில் புளியும் உலர்திராட்சையும் கலந்திருக்கும். வடிகட்டிய பிறகு சர்க்கரையோ கருப்பட்டியோ போடுங்கள். சுக்குக் காப்பிக்குப் போடுகிற கொத்தமல்லி விதை மட்டும் வேண்டாம், பழ வாசனையை அமுக்கிவிடும்.

கருப்பட்டி போட்ட கிஷ்ர்தான் என் கட்சி. ஏமன்காரர் கேட்டால் சண்டைக்கு வருவார்.

தண்டையார்பேட்டை: பால் ஊத்தலாமா?

கூடாது அக்கா. இது புளிப்புச் சரக்கு, சூட்டில் பால் திரியும். பால் இல்லாமல் இறங்காது என்றால் வழக்கமான டிகாக்‌ஷனே குடியுங்கள்.

பெரம்பூர்: ராத்திரி குடிச்சா தூக்கம் போகுமா? மனைவி கர்ப்பமா இருக்காங்க, குடிக்கலாமா?

லண்டனில் ஸ்கொயர் மைல் என்ற காப்பி நிறுவனம் சோதித்துப் பார்த்ததில், ஊறவைத்த கஸ்காராவில் தூக்கத்தை விரட்டும் கஃபீன் லிட்டருக்கு சுமார் 111 மில்லிகிராம் இருந்தது. சாதாரணக் காப்பியில் 400 முதல் 800 வரை. 150 மில்லி டம்ளருக்குக் கணக்குப் போட்டால் இருபதுக்குள். தோலைக் கூடப் போட்டால் கஃபீனும் கூடும். கர்ப்பிணிகளுக்கு நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் வரம்பு. டீ, காப்பி எல்லாம் அதில் சேரும். டாக்டரிடம் பாக்கெட்டையே காட்டிக் கேட்டுவிடுங்கள் தம்பி. தூக்கம் லேசானவர்கள் சாயங்காலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எண்ணூர்: குடகுல மச்சான் எஸ்டேட்ல இருக்கான். உரத்துக்கு வெச்சிருக்கற தோல் ஒரு மூட்டை அனுப்பறேங்கறான். அதையே கொதிக்க வெச்சுக் குடிச்சா என்ன?

வேண்டவே வேண்டாம். இந்தக் கேள்விக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

தோலில் சர்க்கரையும் ஈரமும் அதிகம். குவியலாகக் கிடந்தால் சில மணி நேரத்திலேயே புளித்துச் சூடேறும், பூசணம் பிடிக்கும். காப்பியில் வரும் சில பூசணங்கள் ஓக்ராடாக்சின் என்ற நஞ்சை விடும். அது சிறுநீரகத்துக்கு ஆகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. இன்னொன்று மருந்து. இலைத்துரு நோய்க்குச் செடிக்குப் போர்டோ கலவை அடிப்போம், அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும். காய்த்துளைப்பானுக்கு வேறு மருந்து. எது அடித்தாலும் முதலில் படிவது தோலில்தான். கொட்டை உள்ளே பத்திரமாக இருக்கும், நாம் குடிக்கப்போவதோ அந்தத் தோலை. குடிப்பதற்கென்றே உலர்த்துகிற எஸ்டேட் பழுத்த பழமாகப் பறித்து, கழுவி, பல்பர் போட்ட அன்றே பரப்பும். விலை கூடுவதும் அதனால்தான். ஐரோப்பிய யூனியன்கூட 2022 ஜனவரியில்தான் இதை உணவாக விற்க அனுமதித்தது.

மச்சான் மூட்டையை மாடித்தோட்டத்துக்குப் போடுங்கள். கத்தரி நன்றாகக் காய்க்கும்.

திருவொற்றியூர்: போர் தண்ணியில போட்டேன், சப்புன்னு இருக்கு. வாங்கி ஒரு மாசத்துல தோலும் பிசுபிசுன்னு ஆயிடுச்சு.

மீஞ்சூர் தொடங்கி நம் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது தெரிந்த கதை. உப்பும் கடினத்தன்மையும் உள்ள தண்ணீரில் இதன் புளிப்பு அடங்கிவிடும். கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

பிசுபிசுப்பு கடற்காற்றின் வேலை. நல்ல தோல் விரலில் மடக்கினால் படக்கென்று ஒடியும். ஒடியாமல் வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி தெரிந்தாலும், பழைய சாக்கு வாடை வந்தாலும் மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள். அந்தத் துண்டை மட்டும் பொறுக்கி எறிகிற வேலை வேண்டாம். இறுக்கமான மூடி போட்ட பாட்டிலில், அடுப்பைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

ராயபுரம்: எடை குறையுமாமே?

குறையாது.

வியாசர்பாடி: டீக்கடை வெச்சிருக்கேன். இதைப் போட்டா ஓடுமா அண்ணே?

காலையில் ஓடாது. ஆறு மணிக்கு வருகிறவனுக்குப் பால் டீயும் பட்டர் பிஸ்கட்டும்தான், அவனிடம் கஷாயம் நீட்டாதீர்கள். ஏப்ரல், மே மத்தியானத்துக்கு வையுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் தோல், முந்தின ராத்திரி குளிர்பெட்டியில் ஊறட்டும், காலையில் வடிகட்டி அரை மூடி எலுமிச்சை, கொஞ்சம் சர்க்கரை. அன்றைக்கே விற்றுத் தீரும் அளவு மட்டும் போடுங்கள், வெளியே வைத்தால் புளித்துவிடும். தோல் வாங்கும்போது பாக்கெட்டில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வாரம் சின்ன டம்ளரில் ஓசியாக ஊற்றிக் கொடுங்கள், பேர் கேட்டால் காப்பிப்பழ ஜூஸ் என்று சொல்லுங்கள்.