கேப் டவுன், ஒயின் தோட்டம்: ஒரு வாரத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் ஒரு வாரம் இருப்போம். கேப் டவுனோடு திராட்சைத் தோட்டப் பகுதியில் தங்கவும் ஆசை. மனைவி மது தொடமாட்டார். அங்கே தங்கத்தான் வேண்டுமா, காலையில் போய் மாலையில் திரும்பினால் போதாதா?

கட்டாயம் தங்குங்கள். நான்கு இரவு நகரம், மூன்று இரவு தோட்டம். இந்த வரிசையையும் மாற்றாதீர்கள்.

காற்றுதான் காரணம். அங்கே கோடை என்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அந்த மாதங்களில் தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும். அடித்தால் டேபிள் மலையின் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். கடல் கொந்தளித்தால் ராபன் தீவுப் படகும் போகாது. நகரத்தைக் கடைசியில் வைத்தவர்கள் 1,086 மீட்டர் மலையைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு விமானம் ஏறுவது உண்டு. நகரத்தை முதலில் வைத்துக்கொண்டால், வானம் தெளிந்திருக்கும் முதல் காலையிலேயே மற்றதையெல்லாம் தள்ளிப்போட்டுவிட்டு மேலே போய்விடலாம். விமான நிலையமும் நகரத்துக்குக் கிழக்கே, தோட்டங்கள் சூழ்ந்த ஊரான ஸ்டெல்லன்போஷ் திசையில்தான் இருக்கிறது. கடைசி நாள் தோட்டத்திலிருந்தே நேராகக் கிளம்பலாம்.

நகரத்தில் ராபன் தீவுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள். மண்டேலா தன் 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளைக் கழித்த இடம். அங்கே கைதியாக இருந்தவர்களே சிறையைச் சுற்றிக்காட்டி வந்திருக்கிறார்கள். சாப்மன்ஸ் பீக் மலைச்சாலை, கேப் பாயிண்ட், போல்டர்ஸ் கடற்கரைப் பென்குயின்கள் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம். கடலில் இறங்க வேண்டுமென்றால் மியூசன்பர்க் போங்கள். கேம்ப்ஸ் பே பார்க்க அழகு, தண்ணீரோ எலும்பு வரை குளிரும்.

ஸ்லேவ் லாட்ஜ் அருங்காட்சியகத்தைத் தோட்டங்களுக்குப் போகும் முன் பாருங்கள். 1679இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அடிமைகளை அடைத்துவைக்கக் கட்டிய கட்டடம் அது. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அதே கம்பெனியின் கையில் இருந்த காலம். நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் மலபார், வங்காளத்திலிருந்தும் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். கேப் ஆவணங்களில் அவர்கள் பெயருக்குப் பின்னால் 'வான் கோரமண்டல்', அதாவது சோழமண்டலத்திலிருந்து வந்தவர், என்று ஊர் ஒட்டியிருக்கும். பழைய தோட்டங்களில் வெள்ளையடித்த தூணில் தொங்கும் மணி, அவர்களை வேலைக்கு அழைக்க அடித்தது. அந்தத் திராட்சைக் கொடிகளை வளர்த்ததில் நம் கரை மனிதர்களின் கையும் உண்டு. இது தெரியாமல் அங்கே கோப்பையை உயர்த்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி தோட்டம். ஸ்டெல்லன்போஷ் கேப் டவுனிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். அதனால்தான் பலர் ஒரே பகலில் நாலு தோட்டம் சுற்றிவிட்டு, எதன் ருசியும் நினைவில் நிற்காமல் திரும்புகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும். மதியச் சாப்பாட்டை ஒரு தோட்டத்திலேயே வைத்துக்கொண்டு நீண்ட நேரம் உட்காருங்கள். சுற்றுலா வண்டிகள் கிளம்பிய பிறகு கொடி வரிசைகளுக்கு நடுவே நடக்க, தங்கியிருப்பவர்களுக்கு மட்டும்தான் வாய்க்கும்.

ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஊர். ஓக் மரத் தெருக்கள், கடைகள், இளைஞர் கூட்டம். பினோடாஜ் என்ற திராட்சை 1925இல் உருவானது இங்கேதான். பினோ நுவார், சான்சோ என்ற இரண்டு திராட்சை வகைகளைக் கலந்து ஆபிரகாம் பெரோல்டு என்ற பேராசிரியர் உண்டாக்கினார். ஃபிரான்ஷ்ஹூக் சிறிய பள்ளத்தாக்கு ஊர். 1688இல் பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹூகனோக்கள் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் குடியேறியது. உங்கள் இருவருக்கும் நான் சொல்வது ஃபிரான்ஷ்ஹூக்தான். அங்கே தோட்டம் தோட்டமாக இறங்கி ஏறும் ஒயின் டிராம் இருக்கிறது. குடித்துவிட்டு யார் வண்டி ஓட்டுவது என்ற கவலை இல்லை. ஸ்டெல்லன்போஷில் தங்கினால் ருசிபார்க்கும் நாளுக்கு டிரைவரோடு வண்டி பிடியுங்கள். குடிக்காதவர் என்பதற்காக மனைவியை டிரைவராக்கிவிடாதீர்கள், அவருக்கும் இது விடுமுறைதானே.

அவருக்கு அங்கே பொழுது போகுமா என்ற தயக்கம் வேண்டாம். பல தோட்டங்களில் திராட்சைச் சாறு தருவார்கள். பாபிலோன்ஸ்டோரன் என்ற பண்ணையின் பழ, காய்கறித் தோட்டத்துக்கே அரை நாள் ஒதுக்கலாம். அங்கே விளைவதைத்தான் அவர்கள் உணவகத்தில் சமைக்கிறார்கள். ஸ்டெல்லன்போஷை ஒட்டிய யோன்கர்ஸ்ஹூக் காப்பகத்தில் மலைநடை போகலாம்.

நாட்கள் குறைந்துபோனால் மட்டும் தோட்டத் தங்கலை விட்டுவிட்டு, நகர எல்லைக்குள்ளேயே இருக்கும் க்ரூட் கான்ஸ்டான்ஷியாவில் ஒரு மதியம் கழியுங்கள். 1685இல் தொடங்கிய பண்ணை. கான்ஸ்டான்ஷியாவின் இனிப்பு ஒயினைத்தான் செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியன் வரவழைத்துக் குடித்தார்.

பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை நடக்கும். பார்க்க அருமை, ஆனால் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைக்குளிர். வாடகை குறையும், கொடிகள் இலையில்லாமல் மொட்டையாக நிற்கும். முதல் பயணம் என்றால் மார்ச் மாதத்தைப் பாருங்கள். காற்றும் சற்றுத் தணிந்திருக்கும்.