மறு: உள்ளே சரியும் விண்மீன் வெளியே வெடிப்பது ஏன்?

வணக்கம். "மையம் உள்ளே சரிகிறது என்றால் விண்மீன் ஏன் வெளியே வெடிக்கிறது, கடைசியில் எல்லாமே கருந்துளைதானா?" என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் சரிவது மையம்தான். அது இரும்பாகிவிட்டால் அணுக்கரு இணைவால் ஆற்றல் கிடைக்காது. சுமார் 1.4 சூரிய நிறையைத் தொட்டதும் ஒரு நொடிக்குள் சரிந்துவிடும். எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து நியூட்ரான்களாகும், நியூட்ரினோக்கள் (பொருளோடு அரிதாகவே மோதும் மிக நுண்ணிய துகள்கள்) கிளம்பும். அணுக்கருவின் அடர்த்தியை எட்டியதும் மையம் இறுகி எகிறும், அதில் வெளிநோக்கி ஒரு அதிர்ச்சி அலை கிளம்பும். பல காணொளிகள் இதோடு கதையை முடித்துவிடுகின்றன. ஆனால் அந்த அதிர்ச்சி அலை பாதி வழியிலேயே திணறி நின்றுவிடும்! வெளியேறும் நியூட்ரினோக்களில் ஒரு சிறு பங்கு அதைப் பின்னாலிருந்து சூடேற்றி மறுபடி கிளப்புகிறது என்பதே இன்று பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். 1987 பிப்ரவரியில் நமக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லானிக் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தபோது, ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பானின் கமியோகாண்டே கருவியில் நியூட்ரினோக்கள் பதிவாகிவிட்டன.

அப்புறம் அந்தக் கருந்துளை விஷயம். பல நேரங்களில் மிஞ்சுவது சுமார் 20 கி.மீ. அகலமுள்ள நியூட்ரான் விண்மீன்தான். 1054-ல் தெரிந்த வெடிப்பின் எச்சமான நண்டு நெபுலாவின் நடுவில் அப்படி ஒன்று நொடிக்கு 30 முறை சுழல்கிறது. நியூட்ரான்களாலும் தாங்க முடியாத அளவுக்கு மையம் கனத்தால்தான் கருந்துளை.