தம்பியார் உளராக வேண்டும்

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம் எனக்கு. ஆறு மா நிலத்தில் சம்பா நட்டிருக்கிறோம். வீட்டுக்காரர் மஸ்கட்டில். தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். டெஸ்ட் எடுத்ததில் என்னுடையது பொருந்துகிறது. கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மார்கழிக் கடைசியில் ஆபரேஷன் வைத்துக்கொண்டால் தை அறுவடைக்கு எழுந்துவிடலாம் என்று கணக்கு. மாமியார் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பகலில் திடமாக இருக்கிறேன், ராத்திரியானால் கைகால் நடுங்குகிறது. அம்மா திருப்புகலூரில் வேண்டிக்கொண்டு வந்து திருநீறு பூசிவிடுகிறார். எனக்கு அதில் ஒன்றும் தோன்றுவதில்லை. சாமி நம்பிக்கை இல்லாதவளுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மா போய்வந்தது அப்பர் முக்தியடைந்த ஊர். அந்த அப்பருக்கு ஒரு அக்கா, திலகவதியார். பெரியபுராணத்தில் அவர் கதை வருகிறது. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போரில் மாண்டார். தானும் போய்விடுவது என்று திலகவதியார் துணிந்தபோது, தம்பி காலில் விழுந்து, 'நீங்கள் போனால் உங்களுக்கு முன்னால் நான் போவேன்' என்று அழுதார். அக்கா நின்றுவிட்டார். ஏன் நின்றார்? 'தம்பியார் உளராக வேண்டும்' என்கிறார் சேக்கிழார். தம்பி இருக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். அந்தப் பாட்டில் சிவன் பெயர்கூட இல்லை, தேடிப் பாருங்கள். பின்னால் சூலை நோயில் துடித்துக்கொண்டு தம்பி வந்து சேர்ந்ததும் அந்த அக்காவிடம்தான். அவர் கையால்தான் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார்.

நம்பிக்கை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்கிறேன் என்று சொன்ன அன்று எதை நம்பிச் சொன்னீர்களோ, அது போதாதா?

அதற்காக, கொடுத்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. அக்கா என்றால் தியாகம் என்று பேசிப் பேசியே காரியம் சாதிப்பது நம் வீடுகளுக்குக் கைவந்த கலை. சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் வந்த 2014 விதிகளில், கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும் என்று தனியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். அவர் சொந்த விருப்பத்தோடுதான் கொடுக்கிறாரா என்பதை, பெறுகிறவர் அல்லாத இன்னொருவர் உறுதிசெய்ய வேண்டும். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அம்மா, தம்பி யாரும் கூட வேண்டாம். ராத்திரி நடுக்கத்தை அங்கே அப்படியே சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் நிமிஷம்வரை 'வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அது கையில் இருக்கிறது என்று தெரிந்தபின் சொல்லும் 'சரி'க்கு வேறு கனம்.

நடுக்கம் நின்றபிறகு தைரியம் வரும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே வேதாரண்யம். 1930 உப்புச் சத்தியாகிரகத்தின்போது அங்கே வைரப்பன் என்று ஒரு முடிதிருத்துபவர். சவரத்துக்கு வந்து உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று பாதி முகம் மழித்தபிறகுதான் தெரிந்தது. மீதியைச் செய்ய மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். அதற்காகச் சிறைக்கும் போனார். காலையில் கடைக்கு வரும்போது தைரியத்தைத் தயார் செய்துகொண்டா வந்திருப்பார்? அவர் கை நடுங்கியிருக்காது என்று யார் சொல்ல முடியும்? அதுவும் கத்தி பிடித்த கை.

மாமியார் வீட்டு மௌனத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. வீட்டுக்காரரை அவர்களிடம் பேசச் சொல்லுங்கள். மஸ்கட்டிலிருந்து ஒரு போன் செய்ய அவருக்கு என்ன கஷ்டம்?

கடைசியாக, அந்தத் தை அறுவடைக் கணக்கு. அது நடக்காது. ஆபரேஷன் முடிந்து நாலைந்து வாரமாவது பாரம் தூக்கக் கூடாது. வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்கலாம், அதுவும் டாக்டர் சரி என்றால். மெஷினுக்கும் மூட்டை தூக்க ஆளுக்கும் இப்போதே சொல்லிவையுங்கள். அறுப்பு நேரத்தில் கிடைக்காது.