பதில்: தயோசல்ஃபேட் சோதனையில் கிளர்வு ஆற்றல் 0.9 கிலோஜூல்தான் வருகிறது, எங்கே தப்பு?

சோடியம் தயோசல்ஃபேட்டில் அமிலம் கலந்து, 30, 40, 60 டிகிரியில் வினையின் வேகத்தை அளந்து, கிளர்வு ஆற்றலை (வினை நடக்க மோதலில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) கண்டுபிடித்த உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1/T (T என்பது வெப்பநிலை) என்று எழுதிவிட்டு 1/30, 1/40, 1/60 எனச் செல்சியஸையே வைத்திருக்கிறீர்கள். வேகத்தையும் வெப்பநிலையையும் இணைக்கும் அர்ஹீனியஸ் சமன்பாட்டுக்குக் கெல்வின்தான் வேண்டும்: 303, 313, 333. இதை மாற்றினாலே விடை 50 கிலோஜூலை ஒட்டி வந்துவிடும். வேகத்தின் மடக்கையை 1/T-க்கு எதிரே வரைந்த வரைபடத்தில் வளைந்த கோடும் நேராகும். இந்தத் தப்பைச் செய்யாதவர் குறைவு, நானும் செய்திருக்கிறேன்.

"30லிருந்து 40 டிகிரிக்குப் போனதும் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது எப்படி?" என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. கெல்வினில் பார்த்தால் இது வெறும் 3 சதவீத ஏற்றம். மோதல்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவாகத்தான் கூடுகிறது. ஆனால் வினை நடப்பது எல்லா மோதலிலும் இல்லையே! கிளர்வு ஆற்றலைத் தாண்டும் அளவு ஆற்றலோடு மோதும் மிகச் சிறு கூட்டம்தான் கணக்கு. சராசரி கொஞ்சம் நகர்ந்தாலே அந்தக் கூட்டம் பெருகிவிடும். 50 கிலோஜூலுக்கு இது சுமார் 1.9 மடங்கு. "10 டிகிரிக்கு இரண்டு மடங்கு" என்பதை விதியாக மனப்பாடம் செய்யாதீர்கள். கிளர்வு ஆற்றல் மாறினால் அதுவும் மாறும்.

60 டிகிரிப் புள்ளி மட்டும் கோட்டுக்குக் கீழே விழுந்தால், தயோசல்ஃபேட்டை மட்டும் சூடாக்கி, குளிர்ந்த அமிலத்தை ஊற்றினீர்களா என்று பாருங்கள். கலந்த பிறகு உள்ள வெப்பநிலையைத்தான் குறிக்க வேண்டும். சூட்டில் கந்தக டைஆக்சைடு அதிகம் கிளம்பும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.